ரெட்டியார்பாளையம் விஷவாயு: கடைசி நொதிக்குள் என்ன நடக்கிறது

2024 ஜூன் 11, காலை நேரம். புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறைக்குப் போன வயதான அம்மா ஒருவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். தூக்கப் போன மகளும் அதே இடத்தில் விழுந்தார். அதே பகுதியில் இன்னொரு வீட்டில் 15 வயதுப் பள்ளி மாணவி, அவளும் கழிவறையில்தான். மூன்று பேரும் பிழைக்கவில்லை. பாதாளச் சாக்கடையிலிருந்து குழாய் வழியாக ஏறி வந்த விஷவாயு என்றும், அது ஹைட்ரஜன் சல்பைடு என்றும் செய்தி வந்தது.

குழாய் எப்படிப் போடப்பட்டது, யார் பொறுப்பு என்று ஊரே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான், இன்னும் உரக்கவே கேட்கலாம். ஆனால் உயிர்வேதியியல் சொல்லித்தருகிற எனக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வந்தது, இன்றுவரை விடவில்லை. கதவு நாலடி தூரத்தில் இருக்கும்போது ஒருவரால் அந்த நாலடியை ஏன் நடக்க முடியாமல் போகிறது? தண்ணீரில் மூழ்குகிறவருக்குக்கூடக் கொஞ்ச நேரம் திமிறக் கிடைக்கிறது, மூச்சை அடக்கினால் யாரும் அரை நிமிடத்துக்காவது நடமாடலாம். இந்த வாயு அதிக அளவில் உள்ளே போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுகிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் அப்போதும் இருக்கிறது, இதயம் அப்போதும் துடிக்கிறது. "மூச்சு முட்டி இறந்தார்" என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் இது அடங்கவே அடங்காது.

நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும்: சல்பைடும் சயனைடும் நான்காம் கூட்டைத் தடுக்கும். கூட்டு என்பது, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் எலக்ட்ரானைக் கைமாற்றும் நான்கு புரதத் தொகுப்புகளில் ஒன்று. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். நான்காம் கூட்டு என்ன வேலை செய்கிறது, அதைத் தடுத்தால் மற்ற மூன்றும் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள்தான் இந்தச் சம்பவத்தின் மொத்த விளக்கமும் இருக்கிறது. அதனால் இதை மேலிருந்து கீழாக, சாக்கடையில் தொடங்கி நொதியின் நடு மையம் வரைக்கும் எழுதிப் பார்க்கிறேன்.

வாயு எங்கிருந்து வருகிறது

சாக்கடைக் குழாயின் உள்சுவரில் வழுவழுப்பாக ஒரு நுண்ணுயிர்ப் படலம் படிந்திருக்கும். அதன் மேல் அடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அடியில் இருப்பவற்றுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அந்த அடியில் வாழ்கிறவைதான் டீசல்ஃபோவிப்ரியோ மாதிரியான சல்பேட் பாக்டீரியாக்கள். உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரானை நாம் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம், அவை சல்பேட்டிடம் ஒப்படைக்கின்றன. நமக்குக் கடைசியில் தண்ணீர் வருகிறது, அவற்றுக்கு ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. சவ்வின் ஒரு பக்கம் புரோட்டானைச் சேர்த்து அந்த அழுத்தத்தில் பிழைப்பது அவற்றுக்கும் அதே கணக்குதான். அதாவது அந்தக் கழிவறைக்குள் ஏறி வந்தது, சுவாசித்த ஓர் உயிர் வெளியே விட்ட கழிவு. ஒரு சுவாசத்தின் முடிவுப்பொருள் இன்னொரு சுவாசத்தின் முடிவிடத்தில் போய் உட்காருவதுதான் இந்த நஞ்சின் கதை முழுக்க.

சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை. சோப்புத்தூள், சிறுநீர், சமையல் கழிவு எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் உண்டு, நம் கடலோரத்தில் உப்பேறிய நிலத்தடி நீர் வீட்டுக் குழாயில் வரும் இடங்களில் சாக்கடைக்கும் அது போய்ச் சேரும். ஜூன் மாத வெக்கையில் பாக்டீரியா வேகமாக வேலை செய்யும், சூடான தண்ணீரில் வாயுவும் கரைந்து நிற்காது. தண்ணீரின் பிஎச் 7 இருந்தால் சல்பைடில் ஏறக்குறையப் பாதி கரைந்த வாயுவாக இருக்கும், அமிலம் கூடினால் இன்னும் அதிகம் வாயுவாக மாறும். சல்பைடு தேங்கிய இடத்தில் கழிவறை ஆசிட்டை ஊற்றுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதுதான் காரணம். காற்றைவிட இது கொஞ்சம் கனமானது (சுமார் 1.2 மடங்கு), அதனால் தாழ்ந்த, மூடிய இடத்தில் தங்கும்.

வீட்டுக்குள் வராமல் தடுக்க இருப்பது பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் சில அங்குலத் தண்ணீர்தான். வாட்டர் சீல் என்று பிளம்பர்கள் சொல்வார்கள். அந்த வளைவு வைக்காமல் நேராக இணைத்தாலோ, தண்ணீர் வற்றிப்போனாலோ, மெயின் குழாயில் அழுத்தம் கூடி அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாலோ, வீட்டுக்கும் தெருவுக்கடியில் ஓடும் மொத்தச் சாக்கடைக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

முன்கூட்டியே தெரியாதா என்றால், மெல்லிய கசிவுக்கு அடையாளம் உண்டு. பெண்பிள்ளைகளின் வெள்ளிக் கொலுசும் பூஜையறைக் குத்துவிளக்கும் தேய்த்து வைத்த கொஞ்ச நாளிலேயே கறுத்துப் போகும். வெள்ளியின் மேல் படியும் அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. உலோகங்கள் மேல் சல்பைடுக்கு இருக்கும் பற்று அப்படிப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் கடைசி நொதிக்குள் இருப்பதும் உலோகம்தான்: இரும்பும் செம்பும்.

மூக்கை மட்டும் நம்பக் கூடாது. அழுகிய முட்டை வாடை மிக மிகக் குறைந்த அளவிலேயே, ஒரு பிபிஎம்மில் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்கு அளவிலேயே, பலருக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம்மை நெருங்கும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போய் வாடையே நின்றுவிடும். "நாற்றம் போயிடுச்சு" என்று ஆறுதலாகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500க்கு மேல் போனால் ஆள் நினைவிழக்கும் அபாயம், 1000 பிபிஎம் பக்கம் ஓரிரு மூச்சிலேயே சாய்வது.

எலக்ட்ரானும் புரோட்டானும்

சரி, இப்போது செல்லுக்குள் போவோம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வெறும் 5 நானோமீட்டர் அளவு தடிமன் உள்ள கொழுப்புப் படலம். அதன் இரண்டு பக்கமும் சுமார் 150 மில்லிவோல்ட் வித்தியாசம். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் தடிமனால் வகுத்துப் பாருங்கள், ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் (சிவப்பணு தவிர) இந்த அளவு மின்புலம் இரவும் பகலும் நிற்கிறது. இதை நிற்க வைத்திருப்பது உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கி இறங்கும் ஓட்டம். உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரானைச் சுமந்து வரும் மூலக்கூறான என்ஏடிஎச்சில் எலக்ட்ரான் இருக்கும் மட்டம் மைனஸ் 0.32 வோல்ட், ஆக்சிஜனில் பிளஸ் 0.82. மொத்த இறக்கம் 1.14 வோல்ட். அந்த இறக்கத்தை ஒரே வீச்சில் விட்டால் வெறும் சூடாகப் போகும். அதை மூன்று இடத்தில் (முதல், மூன்றாம், நான்காம் கூட்டுகளில், இரண்டாம் கூட்டு புரோட்டானைத் தள்ளாது) மறித்து, ஒவ்வொரு இடத்திலும் புரோட்டானை எதிர்த்திசையில் தள்ள வைத்திருக்கிறது இயற்கை. ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஆள் ஏற்றமரத்தில் நடந்து இறங்கினால்தான் மறுமுனையில் சால் மேலே வரும், இரண்டும் ஒரே மரம்.

தள்ளப்பட்ட புரோட்டான் திரும்பி உள்ளே இறங்கும் அழுத்தத்தில்தான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உருவாகிறது. இப்படி ஒரு யோசனையை 1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது ஏற்றவர்கள் குறைவு. எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏடிபிக்கும் நடுவில் ஏதோ ஒரு வேதிப்பொருள் கைமாறுகிறது என்று எல்லோரும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருள் கிடைக்கவே இல்லை. 1978இல் மிட்செலுக்கு நோபல் கிடைத்தது. ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த சண்டை. கடைசி நொதியான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் (நான்காம் கூட்டு என்பது இதுதான்) தானாகவும் புரோட்டானைத் தள்ளுகிறது என்று 1977இல் மார்ட்டன் விக்ஸ்ட்ரோம் காட்டினார். மிட்செலே அதை ஏற்கவில்லை, பல வருடம் மறுத்தார், பிறகு சோதனைகள் குவிந்தபோது ஒப்புக்கொண்டார். கருத்தைத் தொடங்கி வைத்தவரே எதிர்பார்க்காத இடத்தில் அந்தக் கருத்து உண்மையாக இருந்திருக்கிறது.

மூன்று இடங்களும் மூன்று விதமாக வேலை செய்கின்றன, ஒரே மாதிரி பம்ப் மூன்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் கூட்டு எல் வடிவத்தில் இருக்கும் பெரிய நொதி, பாலூட்டிகளில் 45 புரதத் துண்டுகள். எலக்ட்ரான் நடப்பது எல்லாம் நிற்கும் கையில்தான், இரும்பு-கந்தகக் கொத்துகள் வழியாக வந்து, சவ்வுக்குள் எலக்ட்ரானைச் சுமந்து திரியும் குவினோன் என்ற சிறு மூலக்கூறின் மேல் ஏறிவிடுகிறது. புரோட்டான் தள்ளப்படுவதோ படுத்திருக்கும் கையில். அந்தக் கை பாக்டீரியாவிலேயே சுமார் 18 நானோமீட்டர் நீளம், அதன் கடைசி முனை வரைக்கும் எலக்ட்ரான் போவதே இல்லை. முழு வடிவத்தை லியோனிட் சசனோவ் குழு 2013இல் வெளியிட்டது. குவினோன் குழிக்குள் நடக்கும் மாற்றம், சவ்வின் நடுவில் வரிசையாக இருக்கும் மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்கள் வழியாகக் கடத்தப்பட்டுப் போகிறது என்பதுவரை தெளிவு. இரண்டு எலக்ட்ரானுக்கு நான்கு புரோட்டான். கடத்தல் எந்த வரிசையில் நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னமும் வாக்குவாதம் உண்டு.

மூன்றாம் கூட்டு மிட்செல் நினைத்தபடியே வேலை செய்கிறது. குவினோல் (எலக்ட்ரானும் புரோட்டானும் ஏற்றிக்கொண்ட குவினோன்) ஒரு பக்கம் வந்து புரோட்டானை விட்டுவிடும், அதன் எலக்ட்ரானில் ஒன்று முன்னே போகும், இன்னொன்று திரும்பி மறுபக்கம் போய் இன்னொரு குவினோனைப் புதுப்பிக்கும். இங்கே பம்ப் என்று தனியாக எதுவும் கிடையாது, குவினோன்தான் சுமக்கிறது. இதைப் பற்றி இவ்வளவு போதும், நம் சம்பவம் நடப்பது அடுத்த இடத்தில்.

நான்காம் கூட்டுக்குள், கிட்டத்தில்

1995இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த நொதியின் வடிவத்தைக் கண்டன. ஜெர்மனியில் ஹார்ட்மூட் மிஷெல் குழு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, ஜப்பானில் ஷின்யா யோஷிகாவா குழு மாட்டு இதயத்திலிருந்து எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இப்போது சொல்கிறேன்.

மூன்றாம் கூட்டிடம் எலக்ட்ரானை வாங்கிவரும் சிறு புரதமான சைட்டோகுரோம் சி, வெளிப்பக்கத்திலிருந்து அதை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கிறது. முதலில் வாங்குவது காப்பர் ஏ என்ற செம்பு மையம், அப்புறம் ஹீம் ஏ (நடுவில் இரும்பு உள்ள வளைய மூலக்கூறு), அப்புறம் ஆக்சிஜன் வந்து உட்காரும் இடம். அந்த இடத்தில் எதிரெதிரே இரண்டு உலோகம்: ஹீம் ஏ3இன் இரும்பு ஒரு பக்கம், காப்பர் பி மறுபக்கம். காப்பர் பி-யைப் பிடித்திருக்கும் மூன்று ஹிஸ்டிடினில் ஒன்று பக்கத்து டைரோசினோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. ஆக்சிஜனைப் பாதி மட்டும் உடைத்து விட்டால் ஆபத்தான பெராக்சைடு மாதிரியானவை வெளியே வந்துவிடும், அதைத் தவிர்க்க நான்கு எலக்ட்ரானையும் ஏறக்குறைய ஒரே மூச்சில் கொடுக்க வேண்டும். இரும்பு இரண்டு, செம்பு ஒன்று, அந்த டைரோசின் ஒன்று கொடுக்க, ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு அங்கேயே பிளந்துவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான வேதியியல் தெரியாது.

இனி புரோட்டான். எலக்ட்ரான் எதிர்மின்னேற்றம். சவ்வின் கொழுப்புச் சூழலுக்குள் இருக்கும் உலோக மையத்தில் அது தனியாக வந்து உட்கார முடியாது, ஈடுகட்ட ஒரு நேர்மின்னேற்றம் வந்தாக வேண்டும், அது வராவிட்டால் எலக்ட்ரானும் முழுதாக உட்காராது. இந்த ஒரே ஒரு கட்டாயத்தில்தான் எல்லாம் நிற்கிறது. நேர்மின்னேற்றமாக வருவது உள்பக்கத்திலிருந்து வரும் புரோட்டான். வர இரண்டு வழி உண்டு, டி சேனல், கே சேனல் என்று பெயர். டி சேனலுக்குள் பத்துக்கு மேற்பட்ட தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். புரோட்டான் ஒரு மூலக்கூறாக நகர்ந்து போவதில்லை, ஒன்று பின்னாலிருந்து ஒட்டினால் முன்னால் ஒன்று கழன்று போகும், கைமாற்றிக்கொண்டே முனைக்கு வந்துவிடும். முனையில் ஒரு குளூட்டமேட், மாட்டு நொதியில் 242ஆவது இடத்தில் இருப்பது. அதன் பக்கச்சங்கிலி அசையக்கூடியது. அங்கே வந்த புரோட்டானுக்கு இரண்டு போக்கிடம். ஒன்று, உலோக மையத்துக்குப் போய் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராவது. மற்றொன்று, ஹீமுக்கு மேல்பக்கம் இருக்கும் தற்காலிகத் தங்குமிடத்துக்குப் போய்க் காத்திருப்பது.

இந்த வரிசைதான் முக்கியம். ஹீம் ஏ-யிலிருந்து எலக்ட்ரான் மையத்தை நோக்கி நகரும்போது முதல் புரோட்டான் மேல் தங்குமிடத்துக்குப் போகிறது. குளூட்டமேட் மீண்டும் கீழிருந்து புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. அந்த இரண்டாவது புரோட்டான் மையத்துக்குள் வந்து எலக்ட்ரானை ஈடுகட்டியதும், மேலே காத்திருக்கும் முதலாவது புரோட்டானுக்கு இனி அங்கே வேலை இல்லை. இரண்டு நேர்மின்னேற்றமும் ஒன்றையொன்று விலக்கும், முதலாவது வெளிப்பக்கம் தள்ளப்படும். திரும்பிக் கீழே விழாதபடி குளூட்டமேட்டின் திசையும் தண்ணீர் வரிசையின் அமைப்பும் வால்வாக நின்று தடுக்கின்றன. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான் வரும், நான்கு புரோட்டான் தண்ணீராகும், நான்கு புரோட்டான் வெளியே தள்ளப்படும்.

கணக்குப் போட்டால் இன்னும் வியப்பு. சைட்டோகுரோம் சி-யிலிருந்து ஆக்சிஜன் வரை இறக்கம் சுமார் 0.55 வோல்ட். ஓர் எலக்ட்ரான் போகும்போது சவ்வைக் கடக்கும் மின்னேற்றம் இரண்டு: வெளியிலிருந்து எலக்ட்ரானும் உள்ளிருந்து தண்ணீராகப் போகும் புரோட்டானும் நடுவில் சந்திப்பதால் ஒன்று, தள்ளப்பட்ட புரோட்டான் ஒன்று. மின்னழுத்தமும் பிஎச் வித்தியாசமும் சேர்ந்த மொத்தப் புரோட்டான் அழுத்தத்தை 0.18 வோல்ட் என்று வைத்தால் 0.36 சேமிப்பாகிறது. மூன்றில் இரண்டு பங்கு. ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வேகத்தில் இந்தச் சேமிப்பு நடக்கிறது.

ஏற்றமரத்தை உடைத்தாலும் ஆள் நடக்கலாம் என்பதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாக்டீரியாவின் நொதியில், டி சேனலின் வாயில் இருக்கும் 139ஆவது ஆஸ்பராஜினை ஆஸ்பார்டேட்டாக மாற்றினார்கள், ஓர் அமினோ அமிலம்தான். நொதி ஆக்சிஜனைத் தண்ணீராக்கிக்கொண்டே இருந்தது, இயல்பைவிட வேகமாகவே. பம்ப் மட்டும் இல்லை. அதாவது எலக்ட்ரான் ஓட்டமும் புரோட்டான் தள்ளுதலும் வேதியியல் விதியால் பிணைந்தவை அல்ல, கட்டமைப்பால் பிணைக்கப்பட்டவை. அந்தக் கட்டமைப்பைப் பேணித்தான் உயிர் ஓடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு இந்த நொதி மீது ஒரு மரியாதையே வந்தது.

இதே பிணைப்பை இன்னொரு பக்கத்திலிருந்து உடைப்பது டைநைட்ரோபீனால். 1930களில் அமெரிக்காவில் உடல் எடை குறைக்க அதை விழுங்கினார்கள். அது சவ்வில் புரோட்டானுக்கு ஓட்டை போடும், எலக்ட்ரான் வெறிபிடித்த வேகத்தில் ஓடும், ஏடிபி வராது, உடம்பு கொதிக்கும், ஆட்கள் இறந்தார்கள். அங்கே புரோட்டான் கசிந்து எலக்ட்ரான் ஓடுகிறது, நம் சம்பவத்தில் எலக்ட்ரானே நிற்கிறது. இரண்டும் ஒரே பிணைப்பின் எதிரெதிர் முறிவு.

வாயு வந்து உட்காரும்போது

ஹைட்ரஜன் சல்பைடுக்கு மின்னேற்றம் இல்லை, கொழுப்பில் கரையும், நுரையீரல் சவ்வு அதற்குத் தடையே இல்லை. ரத்தத்தோடு மூளைக்குப் போய், செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் போய், ஹீம் ஏ3, காப்பர் பி இருக்கும் இடத்தை அடைகிறது. இரும்பு, செம்பு, நடுவில் ஓர் இடைவெளி. வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைத்த அதே பற்றுதான். ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைந்த அளவே நொதியை நிறுத்தப் போதும். ஆக்சிஜனோடு போட்டி போட்டு அந்த இடத்தைப் பிடிக்கிற கார்பன் மோனாக்சைடு மாதிரி இல்லை இது. ஆக்சிஜனைக் கூட்டினால் மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது.

மையம் அடைபட்டதும் ஹீம் ஏ-யில் எலக்ட்ரான் தேங்குகிறது. அதனால் காப்பர் ஏ நிறைகிறது, சைட்டோகுரோம் சி நிறைகிறது, மூன்றாம் கூட்டுக்குக் கொடுக்க ஆள் இல்லை, குவினோன் எல்லாம் குவினோலாகி நிற்கிறது, முதல் கூட்டும் என்ஏடிஎச்சிடம் வாங்க முடியாமல் நிற்கிறது. முதல் கூட்டிலும் மூன்றாம் கூட்டிலும் எந்த நஞ்சும் ஒட்டவில்லை, இருந்தும் அவற்றின் புரோட்டான் பம்பும் நின்றுபோகிறது. ஏனென்றால் எலக்ட்ரான் நகராமல் புரோட்டானைத் தள்ள இவற்றில் எதற்கும் தெரியாது. வகுப்பில் அந்த அமைதிக்குக் காரணமான கேள்விக்கு விடை இதுதான். ஓர் என்ஏடிஎச்சுக்குப் பத்து புரோட்டான் வெளியே போகும், அதில் நான்காம் கூட்டின் பங்கு இரண்டுதான், ஆனால் அது நின்றால் பத்தும் போச்சு.

அப்புறம் சவ்வின் மின்னழுத்தம் இறங்கத் தொடங்கும். ஏடிபி செய்துகொண்டிருந்த நொதி இப்போது பின்னோக்கிச் சுழன்று, மிச்சமிருக்கும் ஏடிபியை உடைத்து மின்னழுத்தத்தைத் தாங்கப் பார்க்கும். செல்லின் கையிருப்பை அதுவே தின்னத் தொடங்குகிறது என்று அர்த்தம். இதைத் தடுக்க ஒரு சின்னப் புரதம் உண்டு, செல் அமிலமாகும்போது அது அந்தச் சுழற்சியைப் பூட்டும். கையிருப்பு என்று பார்த்தால் உடம்பு முழுக்க ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி நூறு கிராமைத் தாண்டாது, ஆனால் ஒரு நாளில் நாம் செய்து தீர்ப்பது ஏறத்தாழ நம் உடல் எடை அளவு. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் உடம்பு எடுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தின்கிறது, சேமிப்பு என்று அதனிடம் எதுவும் பெரிதாக இல்லை. மூளைத்தண்டில் மூச்சை ஓட்டும் நரம்பணுக்களும் அதில் அடக்கம். நினைவு போகும், மூச்சு நிற்கும், மூச்சு நின்றபிறகு நிஜமாகவே ஆக்சிஜனும் போகும். அந்த நாலடியை நடக்க முடியாமல் போவதற்குக் காரணம் இது. சொன்ன அளவுகள் எல்லாம் இந்த வாயுவின் பொது இயல்பு. அன்று அந்த அறையில் எத்தனை பிபிஎம் இருந்தது என்று நான் கணிக்கவில்லை, மூச்சு இழுத்த அளவைப் பொறுத்துதான் எதுவும்.

குறைந்த அளவில் இதே வாயு நமக்கு எரிபொருள் என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நம் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் தினமும் சல்பைடு செய்கின்றன, நம் செல்களும் கொஞ்சம் செய்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் சல்பைடு குவினோன் ஆக்சிடோரிடக்டேஸ் என்ற நொதி அதிலிருந்து எலக்ட்ரானை எடுத்துக் குவினோனிடம் சேர்த்துவிடுகிறது, அது மூன்றாம், நான்காம் கூட்டு வழியாக ஓடிப் புரோட்டானும் தள்ளுகிறது. ஆனால் இந்த வழியின் கடைசியில் நிற்பதும் நான்காம் கூட்டுதான். வரும் சல்பைடை எரித்துத் தீர்க்கும் வேகத்தைவிடச் சல்பைடு வேகமாக வந்தால், எரிக்கும் வழியையே அது அடைத்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் நிலைமை சட்டென்று கவிழ்ந்துவிடும். அளவு கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும் நஞ்சு இல்லை இது.

காப்பாற்றும் கணக்கு

இந்த ஒட்டுதல் திரும்பப் பிரியக்கூடியது. வாயுவிலிருந்து வெளியே இழுத்துவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சல்பைடு நிமிடங்களில் ஆக்சிஜனேற்றமாகிப் போய்விடும், நொதி விடுபடும், மூச்சை மட்டும் அதுவரை வெளியிலிருந்து ஓட்டிக் கொடுக்க முடிந்தால் ஆள் எழுந்து உட்காரலாம். சாய்ந்து விழுந்தவர்கள் வெளியே எடுத்ததும் தெளிந்த நிகழ்வுகள் உண்டு. மருத்துவமனையில் ஆக்சிஜனும் சுவாச உதவியும்தான் முதல் மருந்து. நைட்ரைட் கொடுப்பதுண்டு: அது ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றி, சல்பைடு போய் ஒட்ட வேறோர் இரும்பைக் காட்டும், நொதியின் இரும்பை விட்டு அது விலகும். ஆனால் ரத்தத்தில் சல்பைடு இருக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் கொடுத்தால்தான் அதற்குப் பலன்.

ஆனால் வெளியே இழுப்பவர் அதே மூச்சைத்தான் இழுக்கிறார். மகள் அம்மாவைத் தூக்க ஓடினார், யாரும் ஓடத்தான் செய்வார்கள். மேன்ஹோலில் இறங்கிய ஒருவருக்குப் பின்னால் இரண்டாமவர், மூன்றாமவர் என்று போவதும் இதே மாதிரிதான், நம் கடலூரில் இருந்தாலும் எந்த ஊரில் இருந்தாலும். கையால் கழிவகற்றும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள், இது எனக்கு ஆத்திரம் வர வைக்கிற விஷயம். மூக்கில் கட்டும் துணியோ சாதாரண மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது, தனியாகக் காற்றுக் கொடுக்கும் கருவியோடுதான் உள்ளே போக வேண்டும். வீட்டில் இது நடந்தால் கதவையும் ஜன்னலையும் வெளியிலிருந்தே திறந்து, தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிட்டு, விழுந்தவரை வெளியிலிருந்தே கயிற்றாலோ துணியாலோ எட்டி இழுக்க முடிந்தால் மட்டும் இழுங்கள். தலையை உள்ளே நீட்ட வேண்டாம்.

வீட்டில் பார்க்க வேண்டியதும் சிக்கலில்லை. ஒவ்வொரு கழிவுநீர் இணைப்பிலும் வளைவு இருக்கிறதா, அதில் தண்ணீர் நிற்கிறதா, அதிகம் உபயோகிக்காத பாத்ரூமில் வாரம் ஒருமுறை ஒரு வாளி ஊற்றப்படுகிறதா, மொட்டைமாடிக்குப் போகும் காற்றுக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா. புதிய பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுக்கும்போது பிளம்பரிடம் வளைவை எங்கே வைத்தார் என்று நேரில் காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு அதில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நிற்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.